ஹார்ப் வாசிக்கிறவங்க புக்கும் நோட்ஸும் வாங்குறதுக்கு முன்னாடி: மதுரையில இருந்து ஒரு முழு வழிகாட்டி

நான் மொத மொதல்ல காசு குடுத்து வாங்குன ஹார்ப் புக் இன்னைக்கும் புதுசு மாதிரியே அலமாரியில இருக்கு. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சது, புக் விலையை விட கொரியர் காசு ஜாஸ்தி, பிரிச்சுப் பாத்தா மூணாவது பக்கத்துலயே பாட்டு நடுவுல சின்னச் சின்னக் கோடு போட்டு ஒரு படம், என்னன்னே புரியல, நமக்குத்தான் படிக்கத் தெரியலன்னு நெனச்சு ரெண்டு மாசம் அதோட மல்லுக்கட்டினேன். அப்புறந்தான் தெரிஞ்சது அது பெடல் ஹார்ப்புக்கு, அதாவது கால்ல பெடலை மிதிச்சு ஸ்வரம் மாத்துற பெரிய ஹார்ப்புக்கு எழுதுன புக், என்கிட்ட இருக்குறதோ ஸ்ட்ரிங்குக்கு மேல இருக்குற சின்ன லீவரைக் கையால தூக்கி ஸ்வரம் மாத்துற 34 ஸ்ட்ரிங் லீவர் ஹார்ப். வித்தவங்க அதைப் பத்தி ஒரு வார்த்தை போடல.

மதுரையில ஹார்ப் வச்சிருக்குறவங்க ரொம்பக் கம்மி. இத்தனைக்கும் யாழுக்குப் பேர்போன ஊரு இது, பாணபத்திரருக்காக சொக்கநாதரே வெறகு சுமந்து வந்து யாழ் வாசிச்சாருன்னு திருவிளையாடல் சொல்லுதே, அந்த ஊரு. ஆனா இன்னைக்கு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் ஹார்ப் நோட்ஸ் இருக்கான்னு கேட்டா கீபோர்டு புக்கையோ கிட்டார் புக்கையோதான் எடுத்து நீட்டுவாங்க, அவங்க மேல தப்பு இல்ல, கேக்குற ஆளே இல்லையே. அதனால வாங்குறது எல்லாமே கண்ணால பாக்காம ஆன்லைன்ல வாங்குறதுதான், கண்ணால பாக்காம வாங்கும்போது எதை எதைப் பாக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டா காசு வீணாகாது. அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

மொத வேலை: புக்கை விடுங்க, உங்க ஹார்ப்பைப் பாருங்க

ஒரு நோட்டு எடுத்து மூணு விஷயம் எழுதுங்க. எத்தனை ஸ்ட்ரிங், எந்த எந்த ஸ்ட்ரிங்குக்கு லீவர் இருக்கு, லீவர் எல்லாத்தையும் கீழ எறக்கி வச்சா எந்த ஸ்கேல் கேக்குது.

ஸ்ட்ரிங் எண்ணிக்கை ஏன்னா, ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்கு 7 ஸ்ட்ரிங். 22 ஸ்ட்ரிங் ஹார்ப்னா சரியா மூணு ஆக்டேவ். 34 ஸ்ட்ரிங்னா கிட்டத்தட்ட அஞ்சு. பெரிய பெடல் ஹார்ப்புக்கு 47, அது ஆறரை ஆக்டேவ் போகும். 34 ஸ்ட்ரிங்குக்கு எழுதுன பாட்டை 22 ஸ்ட்ரிங்ல வாசிக்கப் போனா எடது கைக்கு கீழ ஸ்ட்ரிங்கே இருக்காது. நல்ல புக்கா இருந்தா அட்டையிலயோ மொத பக்கத்துலயோ எத்தனை ஸ்ட்ரிங் வேணும்னு போட்டிருப்பாங்க, போடலன்னா சாம்பிள் பக்கத்துல இருக்குறதுலயே கீழான நோட்டையும் மேலான நோட்டையும் தேடிப் பாருங்க. செவப்பு ஸ்ட்ரிங் சி, கருப்பு இல்லன்னா நீலம் எஃப், இது ரெண்டும் தெரிஞ்சா மத்ததை எண்ணிக்கலாம்.

லீவர் விஷயம் இன்னும் முக்கியம். ஒரு லீவரைத் தூக்குனா அந்த ஒரு ஸ்ட்ரிங் மட்டும் அரை ஸ்வரம் ஏறும், அவ்வளவுதான் அது செய்யும். அதனால லீவர் எல்லாம் எறங்கி இருக்கும்போது ஹார்ப் எந்த ட்யூனிங்ல இருக்குங்குறதுதான் உங்களால எந்தெந்தப் பாட்டு வாசிக்க முடியும்னு முடிவு பண்ணும். சி மேஜர்ல ட்யூன் பண்ணி வச்சிருந்தா ஷார்ப் (அரை ஸ்வரம் மேல) போகலாம், ஃப்ளாட் (அரை ஸ்வரம் கீழ) போக முடியாது. எஃப் மேஜர் பாட்டு கூட வராது, ஏன்னா பி ஃப்ளாட் கெடைக்கணும்னா ஏ லீவரைத் தூக்கணும், தூக்குனா ஏ போயிடும். ஈ ஃப்ளாட் மேஜர்ல, அதாவது பி, ஈ, ஏ மூணையும் அரை ஸ்வரம் எறக்கி ட்யூன் பண்ணிட்டா ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, ஈன்னு 8 மேஜர் ஸ்கேல் கைக்கு வந்துரும். எல்லா ஸ்ட்ரிங்குக்கும் லீவர் இருந்தா நான் இதைத்தான் சொல்லுவேன். சின்ன ஹார்ப் சிலதுல சி, எஃப் ரெண்டுக்கு மட்டும் லீவர் இருக்கும், அவங்க சி, ஜி, டி ஸ்கேல் பாட்டு மட்டும் இருக்குற புக்கா பாத்து வாங்குனா போதும், அதுலயே ரெண்டு வருஷத்துக்கு வேலை இருக்கு.

தேடும்போது ஒரு பெரிய கொழப்பம்

ஆன்லைன்ல ஹார்ப் புக்னு தேடுனா பாதி மவுத் ஆர்கன் புக்கா வரும். ஹார்மோனிகாவையும் அங்கிட்டு ஹார்ப்னுதான் சொல்றாங்க, ப்ளூஸ் ஹார்ப்னு பேரு. மோர்சிங்குக்குக் கூட அந்த ஊர்ப் பேர்ல ஹார்ப் இருக்கு. ஆட்டோஹார்ப்னு தனியா ஒண்ணு. அதனால லீவர் ஹார்ப், ஃபோக் ஹார்ப், கெல்டிக் ஹார்ப், நான் பெடல் ஹார்ப் இந்த வார்த்தைகளைப் போட்டுத் தேடுங்க, நாலும் ஏறக்குறைய நம்ம ஹார்ப்பைத்தான் சொல்லும். பக்கத்துல நம்பரும் அம்புக்குறியும் வரிசையா இருந்தா அது ஊதுற ஹார்ப்புக்கு, விட்ருங்க.

சாம்பிள் பக்கத்தைப் படிக்கிறது

சாம்பிள் பக்கம் காட்டாத புக்கை நான் வாங்குறதே இல்ல. ஒரே ஒரு பக்கம் போதும், அதுல என்ன பாக்கணும்னா:

மொதல்ல அந்தக் கோட்டுப் படம், என்னைய ரெண்டு மாசம் அலைய விட்டது. ஒரு படுக்கைக் கோடு, நடுவுல நிமிந்து நிக்கிற நீளக் கோடு, அதுக்கு எடப்பக்கம் 3 குட்டிக் கோடு, வலப்பக்கம் 4. அது பெடல் டயாக்ராம். எடது காலுக்கு டி, சி, பி, வலது காலுக்கு ஈ, எஃப், ஜி, ஏ, ஒவ்வொரு பெடலுக்கும் ஃப்ளாட், நேச்சுரல் (ஏத்தாம எறக்காம), ஷார்ப்னு மூணு நெலை. 1810ல செபாஸ்டியன் எரார் பேடன்ட் வாங்குன மெக்கானிசம் அது, அழகான வேலைதான், ஆனா நம்மகிட்ட அது இல்லையே. அந்தப் படத்தைப் பாத்தா பெடல் புக்.

அடுத்து விரல் நம்பர். ஹார்ப்ல சுண்டு விரல் கெடையாது. கட்டை விரல் 1, மோதிர விரல் 4, அதோட முடிஞ்சது. நோட்டுக்கு மேல 5 போட்டிருந்தா அது பியானோ புக், அட்டையில ஹார்ப் படம் போட்டிருந்தாலும் சரி. நெசமான ஹார்ப் புக்ல ரெண்டு மூணு நோட்டைச் சேத்து ஒரு பிராக்கெட் கோடு போட்டிருப்பாங்க, அந்த விரலை எல்லாம் வாசிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்ட்ரிங்ல வச்சிரணும்னு அர்த்தம். பிராக்கெட் இல்லாத பிகினர் புக் எனக்கு நம்பிக்கை குடுக்காது. தனியா கத்துக்குறவங்களுக்கு அந்தக் கோடுதான் வாத்தியார்.

மூணாவது, பாட்டு நடுவுல வர்ற ஷார்ப் ஃப்ளாட்டை எண்ணுங்க. ஒவ்வொண்ணும் ஒரு லீவர். வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே எடது கை ஸ்ட்ரிங்கை விட்டுட்டு மேல போய் லீவரைத் தட்டிட்டு திரும்பி வரணும். அதுக்கு நேரம் விட்டு எழுதியிருக்காங்களா, எடது கைக்கு அந்த எடத்துல ஒரு நோட்டாவது ஓய்வு இருக்கான்னு பாருங்க. நல்லா எழுதுறவங்க ரெண்டு வரிக்கும் நடுவுல எந்த லீவர்னு எழுதியே குடுத்துருவாங்க, எந்த ஆக்டேவ்ல இருக்குறதுன்னும் சொல்லுவாங்க. ஏன்னா பெடல்ல ஒரு எஃப் மாத்துனா எல்லா எஃப்பும் மாறிடும், லீவர்ல நடு எஃப் மட்டும் ஷார்ப், கீழ எஃப் சும்மா இருக்கட்டும்னு வைக்கலாம். இந்த ஒரு விஷயத்துல லீவர் ஹார்ப் ஒசத்தி.

கீபோர்டு புக்கையே வச்சு வாசிக்கக் கூடாதா

என்கிட்ட கத்துக்க வர்ற ஒரு பாப்பாவோட அம்மா கேட்டாங்க, "டீச்சர், இவ அண்ணன் கீபோர்டு படிச்ச புக் வீட்டுல நாலு இருக்கு, அதையே வாசிச்சா பத்தாதா, ரெண்டும் ரெண்டு வரி நோட்டுதானே?" நியாயமான கேள்விதான். நோட்டு படிக்கிறதுக்கு அது ஒதவும், ஆனா கை வேற. ஹார்ப் ஸ்ட்ரிங் ஒருதடவை வாசிச்சா தானா நிக்காது, ஒலிச்சுக்கிட்டே இருக்கும், அதனால பியானோவுக்கு எழுதுன கீழ்ஸ்தாயி கார்டை (ஒண்ணா சேத்து வாசிக்கிற நோட்டுகளை) அப்படியே வாசிச்சா எல்லாம் கலந்து கொழகொழன்னு ஆயிடும். ஒரே நோட்டை வேகமா திரும்பத் திரும்ப அடிக்கிற பாட்டும் வராது, அதிர்ந்துக்கிட்டு இருக்குற ஸ்ட்ரிங்ல விரலை வச்சா உர்ர்னு சத்தம் வரும். மாறா, ஸ்ட்ரிங்கெல்லாம் கிட்ட கிட்ட இருக்குறதால பியானோவுல எட்டாத தூரம் ஹார்ப்ல சின்னக் கைக்கே எட்டும், அந்த வசதியை கீபோர்டு புக் பயன்படுத்தவே செய்யாது. அந்தம்மாகிட்ட இதைச் சொல்லி பாப்பாவையே ரெண்டு மாதிரியும் வாசிக்க வச்சேன், கேட்டுட்டு அவங்களே "வேற புக்கே வாங்கிருவோம் டீச்சர்"னுட்டாங்க.

மெத்தட் புக்: ஒண்ணு போதும்

மெத்தட் புக்னா மொதல்ல இருந்து படிப்படியா சொல்லித் தர்ற புக். ஆரம்பிக்கிறவங்க அஞ்சு புக் வாங்கி அஞ்சுலயும் மொத பத்து பக்கம் வாசிக்கிறாங்க. வேணாம். ஒண்ணு எடுங்க, கடைசி வரை போங்க.

பக்கத்துல வாத்தியார் இல்லாம லீவர் ஹார்ப்ல ஆரம்பிக்கிறீங்கன்னா சில்வியா வுட்ஸ் எழுதுன டீச் யுவர்செல்ஃப் டு ப்ளே த ஃபோக் ஹார்ப் நல்ல தேர்வு, 1978ல வந்தது, 12 பாடமா பிரிச்சிருக்கு, தனியா கத்துக்குறவங்களை மனசுல வச்சே எழுதுனது. மெதுவா போகும், அது நல்லதுக்குத்தான். சாமுவேல் மில்லிகனோட ஃபன் ஃப்ரம் த ஃபர்ஸ்ட் ரெண்டு பாகம், கொழந்தைகளுக்கும் சரி பெரியவங்களுக்கும் சரி, கையை சீக்கிரமே பாட்டுக்குக் கொண்டு வந்துரும். டெபோரா ஃப்ரியூவோட பயிற்சி புக் ஒண்ணு இருக்கு, ஹார்ப் எக்சர்சைசஸ் ஃபார் அஜிலிட்டி அண்ட் ஸ்பீட், அது மெத்தட் கெடையாது, விரலுக்கு உடற்பயிற்சி மாதிரி, ஆறு மாசம் கழிச்சு வாங்குங்க.

கிராசி, ரெனியே, சால்சேடோ லாரன்ஸ்னு பெரிய பேரெல்லாம் கேள்விப்படுவீங்க. எல்லாமே பெரிய பெடல் ஹார்ப்பை வச்சு எழுதுன மெத்தட். ரெனியே மெத்தட் 1946ல வந்தது, ரெண்டு பாகம், ஒரு வாழ்நாள் அனுபவம் அதுல இருக்கு, ஆனா ஆரம்பிக்கிறவங்க தனியா எடுத்தா மூச்சு முட்டிரும்.

இதுல ஒண்ணு கவனமா இருக்கணும். ஹார்ப்ல கை வைக்கிற மொறை ரெண்டு பெரிய வழியா போகுது. பிரெஞ்சு வழியில முழங்கை தாழ்வா இருக்கும், வலது மணிக்கட்டு பலகையில லேசா சாயலாம். சால்சேடோ வழியில முழங்கையைத் தூக்கி கையைத் தரைக்கு இணையா வச்சுக்கணும், வாசிச்சதும் கை மேல எழும்பி வரும். எது ஒசத்தின்னு சண்டை போடுறவங்க போடட்டும். நீங்க ஆன்லைன்ல யார்கிட்டயாவது கத்துக்கிட்டா அவங்க எந்த வழியோ அந்த வழி புக்கே வாங்குங்க, அவங்ககிட்ட கேக்காம மெத்தட் புக் வாங்கவே வாங்காதீங்க. ரெண்டையும் கலந்தா கை எதுலயும் நெலைக்காது, தோள் வலி வரும்.

லெவல் விஷயத்துல அட்டையை நம்பாதீங்க. ஈசின்னு ஒருத்தர் போடுறது இன்னொருத்தருக்கு இன்டர்மீடியட். இசைப் பரீட்சை நடத்துற ட்ரினிட்டியும் ஏபிஆர்எஸ்எம்மும் பெடல் இல்லாத ஹார்ப்புக்குத் தனியா சிலபஸ் வச்சிருக்காங்க, பரீட்சை எழுதாட்டியும் அதை எறக்கிப் பாருங்க, எந்தப் பாட்டு எந்த கிரேடுன்னு ஒரு அளவுகோல் கெடைக்கும். நான் செய்யுறது, சாம்பிளோட மொத எட்டு பாரை (நோட்டுல நேர்கோடு போட்டுப் பிரிச்ச கட்டத்தை) ரொம்ப மெதுவா வாசிச்சுப் பாப்பேன். ரெண்டு எடத்துல தடுக்குனா வாங்கலாம், வரிக்கு வரி தடுக்குனா அடுத்த வருஷம்.

பாட்டு புக்

மெத்தட் புக் பாதி தாண்டும்போது ஒரு பாட்டு புக் வேணும், இல்லன்னா சலிச்சுப் போயிரும். டர்லோ ஓ'கேரலன்ல ஆரம்பிங்க. அயர்லாந்துக்காரர், 1670ல பொறந்து 1738ல எறந்தவர், பதினெட்டு வயசுல அம்மை வந்து கண்ணு போச்சு, அதுக்கப்புறம் ஹார்ப் கத்துக்கிட்டு குதிரையில ஊரு ஊராப் போயி பாடுனவரு, நம்ம பாணர் கதையேதான். ஏறக்குறைய 200 மெட்டு மிஞ்சியிருக்கு. மிஞ்சுனது பெரும்பாலும் மெட்டு மட்டும்தான், எடது கையில அவர் என்ன வாசிச்சாருன்னு எழுதி வைக்கல, அதனால ஒரே பாட்டு ஒவ்வொரு புக்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ரொம்ப லேசாவும் கெடைக்கும் ரொம்பக் கஷ்டமாவும் கெடைக்கும். அவரோட ஷீ பெக் ஷீ மோர் பாட்டை வாங்குறீங்கன்னா பேரை மட்டும் பாக்காம யார் அரேஞ்ச் பண்ணுனது, எடது கை எவ்வளவு அடர்த்தின்னு பாருங்க.

காசில்லாம கெடைக்கிறதுன்னா ஐஎம்எஸ்எல்பி, பழைய நோட்ஸை சும்மாவே எறக்கிக்கக் குடுக்குற வெப்சைட். போக்சாவோட 40 சுலப எட்யூட் (பயிற்சிப் பாட்டு), ஓபஸ் 318, அப்புறம் நாடர்மனோட 7 சொனாட்டினா (சின்ன சொனாட்டா), ரெண்டும் அங்க இருக்கு. பெடல் ஹார்ப்புக்கு எழுதுனதுதான், ஆனா ஷார்ப் ஃப்ளாட் அதிகம் மாறாத பகுதிகளைப் பொறுக்கி எடுத்தா லீவர்ல வாசிக்கலாம், மேல சொன்ன மாதிரி எண்ணிப் பாத்து எடுங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி எழுதுனவர் எறந்து 60 வருஷம் ஆனா காப்பிரைட் முடிஞ்சிரும், இவங்கெல்லாம் 1800கள்லயே போயிட்டாங்க. ஆனா பழைய மெட்டை இன்னைக்கு ஒருத்தர் புதுசா அரேஞ்ச் பண்ணுனா அது அவரோட உழைப்பு. ஹார்ப்புக்கு எழுதுறவங்க உலகத்துலயே கொஞ்சப் பேரு, அவங்க பிடிஎஃப்பாவே விக்கிறாங்க, கொரியர் செலவும் இல்ல, அதை வாட்ஸப்ல சுத்த விடாதீங்க. இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே கெடையாது.

சர்ச்ல வாசிக்கிறவங்களுக்கு

மதுரையில ஹார்ப்பை மேடை ஏத்துற எடம் பெரும்பாலும் சர்ச்தான். பாமாலைப் பாட்டுக்கு நாலு குரல் நோட்டு இருக்கும், அதை அப்படியே நாலு விரல்ல அமுக்க வேணாம். வலது கையில மெட்டு, எடது கையில அடி நோட்டை வாசிச்சுட்டு மேல ரெண்டு நோட்டைப் பிரிச்சுப் பிரிச்சு விடுங்க, அதுவே நெறையும். ஒரு சிக்கல் ஏ ஃப்ளாட் ஸ்கேல்ல இருக்குற பாட்டுக. அதுக்கு டி ஃப்ளாட் வேணும், ஈ ஃப்ளாட் ட்யூனிங்ல கூட அது கெடைக்காது. ஆர்கன் வாசிக்கிற அண்ணன்கிட்ட முன்னாடியே பேசி ஜி ஸ்கேலுக்கு எறக்கிக்கோங்க, பாடுறவங்களுக்கும் அரை ஸ்வரம் எறங்குனா சொகமாத்தான் இருக்கும். ஹார்ப் ஹிம் புக் வாங்கும்போதும் பொருளடக்கத்துல ஸ்கேல் போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

நம்ம பாட்டுக்கு

இதுக்குன்னு ரெடிமேட் ஹார்ப் புக் தேடி அலைய வேணாம், நாமளே செஞ்சுக்கலாம். சரளி வரிசை பாடுன புள்ளைங்க நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க, அவங்களுக்கு அதுதான் மொத மெத்தட் புக். ஆனா சரளி வரிசை மாயாமாளவகௌளையில இருக்கு, சி ஸ்ட்ரிங்கை ஸ வச்சா சுத்த ரிஷபத்துக்கு டி ஃப்ளாட் வேணும், கெடைக்காது. நான் ரொம்ப நாள் முடியாதுன்னே நெனச்சிருந்தேன். ஈ ஸ்ட்ரிங்கை ஸ வச்சுப் பாருங்க. ஜி லீவரும் டி லீவரும் மேல, மத்ததெல்லாம் நேச்சுரல். ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி, டி ஷார்ப். அப்படியே மாயாமாளவகௌளை. சி ட்யூனிங்லயும் வரும், ஈ ஃப்ளாட் ட்யூனிங்லயும் வரும், அதுல ஈ, ஏ, பி லீவரையும் சேத்துத் தூக்கணும். இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி தூங்கல.

சி ஸ்ட்ரிங்கை ஸ வச்சா சி மேஜர் சங்கராபரணம், எஃப் லீவரைத் தூக்குனா கல்யாணி. ஈ ஃப்ளாட் ட்யூனிங்ல பி மட்டும் எறங்கி இருந்தா ஹரிகாம்போதி, பியும் ஈயும் எறங்குனா கரகரப்ரியா, ஏவையும் எறக்குனா நடபைரவி. மோகனத்துக்கு எஃப், பி ரெண்டையும் தொடாம தாண்டுனா போதும். ஆனா கமகம், அதாவது ஸ்வரத்தை அசைச்சு வளைக்கிறது, ஹார்ப்ல வராது, அதை ஒத்துக்கிட்டுத்தான் பாட்டு எடுக்கணும். தோடியை எடுத்து வாசிச்சா தோடி மாதிரி இருக்காது. அதுக்குத்தான் முத்துசுவாமி தீட்சிதரோட நோட்டுஸ்வரம். இங்கிலீஷ்காரன் பேண்டு மெட்டைக் கேட்டுட்டு சங்கராபரணத்துல செஞ்சது, ஸ்வரம் நேரா நிக்கும், ஹார்ப்புக்குன்னே செஞ்ச மாதிரி உக்காரும். நோட்டுஸ்வரம் இருக்குற ஸ்வரப் புக் ஒண்ணு வாங்கி, மேல ஸ்வரம் கீழ ஸ்ட்ரிங் பேருன்னு எழுதி, எடது கைக்கு ஸ, ப மட்டும் போட்டு ஆரம்பிங்க.

பிரிண்ட், பைண்டிங்

பிடிஎஃப் வாங்குனா ஜெராக்ஸ் கடையில சாதா தாள்ல எடுக்காதீங்க, ஃபேன் காத்துக்கு ஸ்டாண்டுல நிக்காம மடிஞ்சு விழும், கொஞ்சம் தடிமனான 100 ஜிஎஸ்எம் தாள் கேளுங்க. ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட். மூணு பக்கப் பாட்டுன்னா மூணையும் பக்கத்துல பக்கத்துல டேப் போட்டு ஒட்டி விரிச்சு வையுங்க, ஹார்ப்ல ரெண்டு கையும் எந்நேரமும் வேலையா இருக்கும், பக்கம் திருப்ப கை கெடைக்காது. புக்கா சேக்குறதுன்னா ஸ்பைரல் பைண்டிங். கடைக்கார அண்ணன் "பசை போட்டு பைண்ட் பண்ணா நீட்டா இருக்கும்மா"ன்னு சொல்லுவாரு, விரிச்சு வச்சா மூடிக்கிரும்ணே, ஸ்பைரலே போடுங்கன்னு சொல்லிருங்க. பைண்டிங் போடும்போதே ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் ஒரு வெத்துத் தாள் வைக்கச் சொல்லுங்க, அதுல ஆரம்பத்துல எந்த லீவர் மேல, எந்த லீவர் கீழ, எத்தனாவது பார்ல மாறுதுன்னு செவப்புப் பென்சில்ல பெருசா எழுதி வச்சுக்கணும், ஏன்னா ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பாட்டை எடுக்கும்போது அது ஞாபகத்துல இருக்காது.